டயப்பரின் கொள்ளளவும் தோலின் பொறுமையும்

டயப்பர் பாக்கெட்டின் முகப்பில் 12 மணி நேரம் வரை ஈரம் தெரியாது என்ற தோரணையில் ஒரு வாக்குறுதி இருக்கும். குழந்தை மருத்துவரைக் கேட்டால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார். வீட்டில் பாட்டி இருந்தால், “அதை எதுக்குக் கட்டிவிடறே, பழைய வேட்டித் துணி போதாதா?” என்பார். மூவரும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுவதுபோல் தோன்றும். உண்மையில் அவர்கள் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். டயப்பர் எவ்வளவு நீரைத் தாங்கும் என்பது நிறுவனத்தின் பதில். தோல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது மருத்துவரின் பதில். குழந்தை நனைந்திருப்பது பார்த்துக்கொள்பவருக்கு எப்படித் தெரியும் என்பது பாட்டியின் கவலை.

பெரும்பாலான வீடுகளில் முதல் பதிலை மற்ற இரண்டுக்குமான பதிலாக எடுத்துக்கொள்கிறார்கள். பிசகு அங்கேதான். டயப்பர் நிரம்பும் நேரமும் தோல் புண்ணாகும் நேரமும் ஒன்றல்ல. சிறுநீருக்கு ஒரு கணக்கு, மலத்துக்கு இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒரே கடிகாரத்தில் ஓட்டுவதால்தான் “நேரத்துக்கு மாத்திக்கிட்டுத்தாங்க இருக்கோம், அப்படியும் தொடையெல்லாம் வெந்துபோச்சு” என்று தாய்மார் மருத்துவரிடம் வந்து நிற்கிறார்கள்.

டயப்பர் பகுதியில் வரும் இந்தத் தோல் அழற்சி, கைக்குழந்தைகளுக்கு மிகச் சாதாரணமாக வரும் தோல் தொல்லைகளில் ஒன்று. எந்த ஒரு சமயத்தில் பார்த்தாலும் 7 முதல் 35 சதவீதக் குழந்தைகளுக்கு இது இருக்கும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. 9 முதல் 12 மாதம் வரையிலான வயதில் அதிகம். தாய்ப்பாலோடு இணை உணவும் சேர்ந்து மலத்தின் தன்மை மாறுகிற வயது அது.

அம்மோனியாவின் மேல் விழுந்த பழி

இரவெல்லாம் கட்டியிருந்த துணியைக் காலையில் அவிழ்த்தால் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வரும். அம்மோனியாவின் நெடி. குழந்தையின் தோல் சிவந்திருக்கிறது, பக்கத்திலேயே இந்த நெடியும் இருக்கிறது. குற்றவாளி அதுதான் என்று யாரும் நினைக்கத்தான் செய்வார்கள். மருத்துவர்களும் நினைத்தார்கள். 1915இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஜான் ஜஹோர்ஸ்கி அம்மோனியா நெடி வீசும் டயப்பரைப் பற்றி எழுதினார். 1921இல் குக் என்ற ஆய்வாளர், யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும் பாக்டீரியாவைக் குழந்தைகளின் மலத்திலிருந்து பிரித்துக் காட்டினார். அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் ‘அம்மோனியாப் புண்’ என்ற பெயரே நிலைத்தது.

1977இல் லேடன், கிளிக்மன் முதலிய தோல் மருத்துவ ஆய்வாளர்கள் இந்தப் பழியைச் சோதித்துப் பார்த்தார்கள். புண் இருந்த குழந்தைகளையும் இல்லாத குழந்தைகளையும் ஒப்பிட்டதில் அம்மோனியாவின் அளவிலோ அதை உண்டாக்கும் கிருமிகளிலோ குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. நலமாக இருக்கும் தோலில் அம்மோனியா பட்டும் சிவக்கவில்லை. ஏற்கெனவே கீறல் விழுந்த தோலில்தான் சிவந்தது. ஆக, வெந்த இடத்தில் எரிச்சலைக் கூட்டுவது அம்மோனியா. முதல் புண்ணை உண்டாக்குவது வேறு ஏதோ ஒன்று.

அது என்னவென்று 1986இல் பெர்க், பக்கிங்ஹாம் இருவரும் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. முடியற்ற எலிகளின் தோலில் சிறுநீரை மட்டும் வைத்துப் பார்த்தார்கள், மலத்தை மட்டும் வைத்துப் பார்த்தார்கள், இரண்டையும் கலந்தும் வைத்துப் பார்த்தார்கள். கலவைதான் தோலை மிக மோசமாகத் தாக்கியது. நடப்பது இதுதான்: மலத்தில் உள்ள பாக்டீரியாக்களிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அது சிறுநீரின் யூரியாவை அம்மோனியாவாக உடைக்கிறது. அம்மோனியா அந்த இடத்தின் காரத்தன்மையை ஏற்றுகிறது. காரத்தன்மை ஏறியதும், மலத்தோடு வந்த செரிமான நொதிகள் வீரியம் பெறுகின்றன. புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸும் கொழுப்பை உடைக்கும் லிப்பேஸும் குடலில் உணவுக்கு என்ன செய்தனவோ, அதையே வெளியே தோலுக்குச் செய்யத் தொடங்குகின்றன. மலத்தில் உள்ள பித்த உப்புகள் இந்தத் தாக்குதலுக்குத் துணை நிற்கின்றன.

இயல்பான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உள்ளது. பிஎச் அளவு ஏறத்தாழ 5.5. பிஎச் ஒரு புள்ளி ஏறினால் அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று பொருள். 5.5இலிருந்து 7.5க்குப் போனால் நூறில் ஒரு பங்கு. டயப்பருக்குள் சிறுநீரும் மலமும் கலந்து கிடக்கும்போது இப்படியொரு மாற்றம் நடப்பது பெரிய விஷயமே இல்லை.

இந்த ஒரு விளக்கத்தோடு பல அனுபவங்கள் பொருந்திப் போகின்றன. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையின் மலத்தில் அமிலத்தன்மை கூடுதல், யூரியேஸ் உண்டாக்கும் கிருமிகள் குறைவு. அதனால் அந்தக் குழந்தைகளுக்குத் தொல்லையும் குறைவு. வயிற்றுப்போக்கின்போது உணவு குடலை வேகமாகக் கடந்துவிடுவதால் செரிமான நொதிகள் முழுவதும் சிதையாமல் வெளியே வருகின்றன. காலையில் நன்றாக இருந்த தோல் மாலைக்குள் இரத்தச் சிவப்பாவது அதனால்தான். வயிற்றுப்போக்கில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கெல்லாம் செல்லாது.

ஈரம் மட்டும் என்ன செய்யும்?

மலம் கலக்காத வெறும் சிறுநீர் அந்த அளவுக்குத் தீங்கு செய்வதில்லை என்றால், அதை நாள்முழுக்க விட்டுவைக்கலாமா? கூடாது. அதே 1986இல் ஜிம்மரர் குழுவினர் ஈரத்தின் தனி விளைவை அளந்தார்கள். வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்நுனியைப் போல, ஊறிய தோல் மென்மையாகிறது. உலர்ந்த தோலைவிட அதில் உராய்வு கூடுகிறது, எளிதில் சிராய்க்கிறது, வெளிப்பொருள்கள் உள்ளே புக இடம் கொடுக்கிறது, கிருமிகளும் அதில் நன்றாக வளர்கின்றன. ஈரம் புண்ணை உண்டாக்கியே தீரும் என்பதில்லை. ஆனால் அடுத்து வரும் மலத்துக்கு அது கதவைத் திறந்து வைக்கிறது.

புண் வரும் இடத்தைப் பார்த்தாலே இது விளங்கும். பிட்டத்தின் மேடு, தொடையின் உட்புறம், அடிவயிறு, பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள புடைப்பு என்று டயப்பர் நேராக உரசும் பகுதிகள் சிவக்கின்றன. தொடை இடுக்கின் ஆழமான மடிப்புகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன, டயப்பர் அங்கே தொடுவதில்லை என்பதால். மடிப்புக்குள்ளும் சிவந்திருந்தால் அது வேறு கதை. அதைப் பிறகு பார்ப்போம்.

எட்டு என்ற எண்

எத்தனை முறை மாற்றுவது என்ற கேள்விக்கு நேரடியாக ஓர் எண் கிடைப்பது 1986இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில். ஜோர்டனும் உடன் ஆய்வாளர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்தார்கள். நாளுக்கு எட்டு முறையோ அதற்கு மேலோ மாற்றப்பட்ட குழந்தைகளிடம் அழற்சி குறைவாகவும் மிதமாகவும் இருந்தது. துணியா டயப்பரா என்பதைப் பொறுத்து இது மாறவில்லை. 24 மணி நேரத்தை எட்டால் வகுத்தால் மூன்று. மருத்துவர்கள் வாயில் வரும் இரண்டு மூன்று மணி நேரக் கணக்கும் அதை ஒட்டியதே.

இந்த எண்ணை மதிக்கலாம். அதற்காக வேதவாக்காக்க வேண்டியதில்லை. இது குழந்தைகளை இரண்டு அணியாகப் பிரித்து ஓர் அணிக்கு எட்டு முறை, மறு அணிக்கு நான்கு முறை மாற்றிப் பார்த்த சோதனை அல்ல. வீட்டில் நடப்பதைப் பார்த்துக் குறித்தது. அடிக்கடி மாற்றும் வீட்டில் அடிக்கடி கழுவவும் செய்வார்கள், களிம்பும் தடவுவார்கள், மலம் போனதை உடனே கவனிக்க ஓர் ஆள் பக்கத்தில் இருப்பார். இதில் எந்தப் பங்கு மாற்றுவதால் வந்தது, எந்தப் பங்கு கவனிப்பால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு: புண் வந்த குழந்தைக்குத்தான் தாய் பதறிப்போய் அடிக்கடி மாற்றுவாள். அப்படிப் பார்த்தால் இந்த ஆய்வு எண்ணிக்கையின் பயனைக் குறைத்தே காட்டியிருக்கவும் கூடும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்தத் துறையின் அடிப்படை ஆய்வுகளில் கணிசமானவை பிராக்டர் அண்ட் கேம்பிள் போன்ற டயப்பர் நிறுவனங்களின் ஆய்வகங்களிலிருந்தே வந்தவை. நொதிகளைப் பற்றி அவர்கள் கண்டது பொய்யல்ல. பிறகு வந்த அறிவியலும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் எந்தக் கேள்வி கேட்கப்படும், எது கேட்கப்படாமல் போகும் என்பதைப் பணம் போடுபவர் ஓரளவு முடிவு செய்கிறார். துணியைவிட டயப்பர் மேலானதா என்பதற்கு ஆய்வுகள் பல உண்டு. அவற்றையெல்லாம் திரட்டிப் பார்த்த 2006ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீடு, டயப்பர்தான் புண்ணைத் தடுக்கிறது என்று சொல்லவோ மறுக்கவோ போதிய தரமான சான்று இல்லை என்று முடித்தது. குழந்தையை இரண்டு மணி நேரம் எதுவும் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பெரிய அளவில் ஆராய எந்த நிறுவனம் பணம் போடும்?

காணாமல் போன ஈரம்

புது டயப்பர் ஒன்றை நடுவில் கிழித்து உதறினால், பஞ்சோடு பஞ்சாகச் சர்க்கரைத் துகள் போன்ற வெண்பொடி உதிரும். சோடியம் பாலிஅக்ரிலேட். அதன்மீது அரை டம்ளர் தண்ணீரை ஊற்றினால் கண்முன்னே ஊதிப் பெருத்து ஜவ்வரிசிக் கூழ்போல் ஆகிவிடும். பிழிந்தாலும் நீர் சொட்டாது. 1980களில் இந்தப் பொடி டயப்பருக்குள் வந்தபின் டயப்பர் ஒல்லியானது, தோலைத் தொடும் மேல் அடுக்கு உலர்வானது. பழைய பஞ்சு டயப்பரோடு ஒப்பிட்டால் தோலுக்கு இது நன்மைதான். சிறுநீர் கூழுக்குள் அடைபடுவதால் மலத்தோடு கலப்பதும் குறைகிறது.

ஆனால் பொடியால் சிறுநீரைத்தான் உறிஞ்ச முடியும். மலம் மேல் அடுக்கிலேயே, தோலை ஒட்டியே கிடக்கும். 12 மணி நேர வாக்குறுதியில் மலத்துக்கு இடமே இல்லை. நன்றாக உறிஞ்சும் டயப்பர் வெளியிலிருந்து பார்க்கும்போது சுத்தமாகவும் உலர்வாகவும் தெரிவதால், உள்ளே மலம் இருப்பது கவனத்துக்கு வரத் தாமதமாகிறது. சில டயப்பர்களில் வெளிப்புறத்தில் மஞ்சள் கோடு ஒன்று இருக்கும். நனைந்ததும் நீலமாக மாறும். அது சிறுநீர் பட்டதைத்தான் சொல்லும். எவ்வளவு நிரம்பியது என்றும் சொல்லாது, மலம் வந்ததையும் சொல்லாது.

துணி கட்டிய காலத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. குழந்தை நனைத்தால் மடியில் வைத்திருப்பவரின் புடவை நனையும். தூளியின் அடியில் ஈரம் தெரியும். அது தொல்லைதான், ஆனால் தகவலும்கூட. தமிழ்நாட்டு வீடுகளில் பெரியவர்கள் காலை நீட்டி உட்கார்ந்து, இரு பாதங்களுக்கு நடுவே குழந்தையை உட்காரவைத்து ‘ஆய்’ போகப் பழக்குவார்கள். தூங்கி எழுந்ததும் தூக்கிப் பிடித்து ‘உஷ்ஷ்ஷ்’ என்று சத்தம் கொடுத்தால் குழந்தை சிறுநீர் கழிக்கும். குழந்தை எப்போது போகும் என்பதை முகத்தையும் முக்கலையும் பார்த்தே கணித்துவிடும் திறமை அவர்களிடம் இருந்தது. இதைப் பழம்பெருமையாகப் பேச வேண்டியதில்லை. இடுப்பில் ஒன்றுமில்லாமல் கிடக்கும் குழந்தைக்கு டயப்பர் புண் வராது என்பது எளிய உண்மை. அதற்கு வீட்டில் எந்நேரமும் ஓர் ஆள் வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை.

சீனாவிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஒரே முறையில் குழந்தைகளைப் பரிசோதித்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, கவனித்துப் பராமரிப்பதன் பயனுக்கு வலுச் சேர்க்கிறது. மூன்றில் சீனக் குழந்தைகளிடம்தான் அழற்சி மிகக் குறைவு. இதற்கு ஆய்வாளர்கள் காட்டிய காரணங்கள் பராமரிப்பு முறை சார்ந்தவை: மலம் போனபின் நன்றாகச் சுத்தம் செய்வது, புண் வருமுன்பே பாதுகாப்புக் களிம்பு தடவுவது, ஈரமான டயப்பருக்குள் குழந்தை இருக்கும் நேரத்தைக் குறைப்பது.

கழுவுவதும் ஒற்றுவதும்

மாற்றும் எண்ணிக்கையைப் போலவே மாற்றும் விதமும் முக்கியம். அடிக்கடி மாற்றி, ஒவ்வொரு முறையும் அழுத்தித் துடைத்தால், புண்ணைத் தடுப்பதற்குப் பதில் நாமே அதை வரவழைப்போம். ஊறிய தோலில் உராய்வு கூடும் என்று பார்த்தோம். அதன்மேல் துண்டைப் போட்டுத் தேய்ப்பது எரிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் தேய்ப்பதுதான்.

மலம் போயிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவுவதே போதும். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பழக்கம் ஏற்கெனவே இருப்பது நல்லது. பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும், மலம் சிறுநீர்த் துவாரத்தின் பக்கம் வராமலிருக்க. சாதாரண சோப்புகள் காரத்தன்மை கொண்டவை. ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டால், நாம் தடுக்க நினைக்கும் காரத்தன்மையை நாமே தடவுகிறோம் என்று ஆகும். கழுவியபின் மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, சில நிமிடம் காற்றுப்படப் படுக்கவைத்துவிட்டு அடுத்ததைக் கட்டலாம்.

வெளியூர்ப் பயணத்தில் வைப்ஸ் தேவைப்படும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. மான்செஸ்டரில் 280 பச்சிளங்குழந்தைகளை வைத்து நடந்து 2012இல் வெளியான சோதனையில், வைப்ஸ் பயன்படுத்திய குழந்தைகளின் தோல் ஈரப்பதம் தண்ணீரும் பஞ்சும் பயன்படுத்திய குழந்தைகளுக்குச் சமமாகவே இருந்தது. அந்தச் சோதனைக்கும் ஒரு நிறுவனத்தின் பணம் உண்டு என்பதைக் குறித்துக்கொள்ளலாம். வாசனையும் ஆல்கஹாலும் இல்லாத வைப்ஸாகப் பார்த்து வாங்குவது நல்லது. மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதனப்பொருள் சில குழந்தைகளுக்கு ஒவ்வாமை தந்தது பதிவாகியிருக்கிறது. உறையில் அந்தப் பெயர் இருந்தால் தவிர்க்கலாம்.

தடவுபவற்றில் பயனுள்ளவை இரண்டு: ஜிங்க் ஆக்சைடு களிம்பு, பெட்ரோலியம் ஜெல்லி. இரண்டும் தோலுக்கும் மலத்துக்கும் நடுவே ஒரு தடுப்பாக நிற்கின்றன. சிவந்த இடத்தில் தோல் தெரியாத அளவுக்குத் தடிமனாகப் பூச வேண்டும். அடுத்த முறை மாற்றும்போது மலம் பட்ட மேற்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, மீதியைத் தேய்த்துக் கழுவாமல் அதன்மேலேயே மீண்டும் பூசலாம். தேங்காய் எண்ணெய் நலமான தோலுக்குத் தீங்கு செய்வதில்லை, ஆனால் வயிற்றுப்போக்குக் காலத்தில் அந்த மெல்லிய படலம் தாக்குப்பிடிக்காது. பவுடர் வேண்டவே வேண்டாம். ஈரத்தோடு சேர்ந்து மடிப்புகளில் கட்டிகட்டியாக நின்று உரசும். அதைவிட, கொட்டும்போது பறக்கும் தூள் குழந்தையின் மூச்சுக்குழலுக்குள் போகும் அபாயம் பெரிது.

துணி கட்டுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. துணியின் மேல் பிளாஸ்டிக் ஜட்டி போட்டால், துணியின் பெரிய நன்மையான காற்றோட்டம் போய்விடும். துவைத்த துணியில் சோப்புத்தூள் தங்கினாலும் எரிச்சல் வரும். நுரை நிற்கும்வரை அலசி வெயிலில் காயப்போட வேண்டும்.

எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல

இரண்டு மூன்று நாள் இப்படிக் கவனித்தும் குறையவில்லை என்றால், அது பெரும்பாலும் வெறும் உராய்வுப் புண் அல்ல. தொடை இடுக்கின் மடிப்புக்குள்ளும் பச்சை இறைச்சிபோல் சிவந்து, அதன் ஓரத்தைத் தாண்டிச் சிறுசிறு சிவப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால், கேண்டிடா என்ற பூஞ்சை சேர்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்த பின் இது வருவது அதிகம். நல்ல கிருமிகள் அழிந்த குடலில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கிளோட்ரிமசோல், நிஸ்டாட்டின் போன்ற பூஞ்சை மருந்துகளை மருத்துவர் தருவார்.

இங்கேதான் நம் நாட்டில் ஓர் ஆபத்து இருக்கிறது. மருந்துக் கடையில் “குழந்தைக்கு அங்கே சிவந்திருக்கு” என்று கேட்டால், பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் வீரியமான ஸ்டீராய்டும் கலந்த ட்யூப் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டே நாளில் சிவப்பு மறையும். அதனாலேயே அது பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசாகிறது. டயப்பரால் மூடிய, ஈரமான, மெல்லிய தோல் ஸ்டீராய்டை மற்ற இடங்களைவிட மிக அதிகமாக உறிஞ்சும். தோல் மெலிந்துபோவதும், உறிஞ்சப்பட்ட மருந்து உடலின் சுரப்பிகளைப் பாதிப்பதும் மருத்துவ ஏடுகளில் பதிவானவை. பீட்டாமெத்தசோன், குளோபீட்டாசோல் என்ற பெயர்கள் ட்யூபில் இருந்தால் குழந்தையின் இடுப்புக்குக் கீழே அதைக் கொண்டுபோகக் கூடாது.

கொப்புளம், சீழ், இரத்தக் கசிவு, காய்ச்சல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். வாயைச் சுற்றியும் கைகால் விரல்களிலும் சேர்ந்து புண் வந்தால் துத்தநாகக் குறைபாடாக இருக்கலாம். மாதக்கணக்கில் ஆறாத புண் வேறு நோய்களின் அடையாளமாகவும் இருக்கக்கூடும்.

கையில் இருப்பதை வைத்து ஒரு கணக்கு

ஆக, எண்ணிக்கை இப்படி அமைகிறது. மலம் போனால் கடிகாரத்தைப் பார்க்காமல் உடனே மாற்றுவது. சிறுநீர் மட்டும் என்றால், பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வளர்ந்த குழந்தைக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றுவது. இரவில் நன்றாகத் தூங்கும், தோல் நலமாக உள்ள குழந்தையைச் சிறுநீருக்காக எழுப்ப வேண்டியதில்லை. படுக்கும் முன் களிம்பு தடவி, நன்றாக உறிஞ்சும் டயப்பர் ஒன்றைக் கட்டினால் போதும். புண் இருக்கும்போதும் வயிற்றுப்போக்கின்போதும் இரவிலும் பார்த்தாக வேண்டும்.

இந்த அறிவுரையைக் காசாக மாற்றிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். டயப்பர் ஒன்று பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், நாளுக்கு எட்டு என்றால் மாதம் 2,400 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இது நடக்கிற காரியமில்லை. அதனால்தான் ஒரே டயப்பர் காலையிலிருந்து மதியம்வரை கிடக்கிறது. அது அலட்சியத்தால் வருவதல்ல, கணக்கால் வருவது. அந்த வீட்டுக்கு ‘அடிக்கடி மாற்றுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவதில் பொருளில்லை. நாளுக்கு இரண்டு டயப்பர்தான் முடியும் என்றால், ஒன்றை இரவுக்கும் மற்றொன்றை வெளியே போகும் நேரத்துக்கும் வைத்துக்கொண்டு, வீட்டில் இருக்கும் பகல் நேரத்தில் துணியிலோ ஒன்றும் கட்டாமலோ விடச் சொல்லலாம். பகலில் கட்டிய டயப்பரில் மலம் போய்விட்டால், அது இன்னும் நிரம்பவில்லையே என்று பார்க்காமல் கழற்றிவிட்டுத் துணிக்கு மாறச் சொல்லலாம். வீணாவது ஒரு டயப்பர். புண் வந்தால் செலவாகும் களிம்பும் மருத்துவர் கட்டணமும் ஒரு நாள் கூலியும் அதைவிட அதிகம்.